தேர்தல் இடஒதுக்கீடு: சென்னை மாகாணம் முதல் இன்றைய ஊராட்சிகள் வரை

சட்டமன்றத்திலும் உள்ளாட்சி மன்றங்களிலும் குறிப்பிட்ட பிரிவினருக்கென இடங்களை ஒதுக்கி வைப்பது தேர்தல் இடஒதுக்கீடு எனப்படும். இது விடுதலைக்குப் பின் வந்த ஏற்பாடு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 1937ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பெண்களுக்கு 8 இடங்கள் இருந்தன. அவை பின்னர் நீங்கி, அரை நூற்றாண்டு கழித்து ஊராட்சிகளின் வழியே திரும்பின.

இரண்டு முறைகள்

மாணவர்கள் இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஒரு பிரிவினரின் உறுப்பினரை அப்பிரிவினர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது தனி வாக்காளர் தொகுதி. வேட்பாளர் அப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்க, தொகுதியிலுள்ள அனைவரும் வாக்களிப்பது ஒதுக்கீட்டுத் தொகுதி. இன்று நாம் 'தனித்தொகுதி' என்று சொல்வது இரண்டாவது வகையையே.

சென்னை மாகாணத்தில்

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் நடந்த தேர்தலில் முஸ்லிம்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. பொதுத் தொகுதிகளில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நியமனம் மூலமே மன்றத்துக்கு வந்தனர், எம். சி. ராஜா அவ்வாறு வந்தவர். பெண்களுக்கு 1921இல் ஆண்களுக்குரிய அதே தகுதிகளின்படி வாக்குரிமை கிடைத்தது. சொத்துத் தகுதி தேவைப்பட்டதால் பயனடைந்தவர் சிலரே. முத்துலட்சுமி ரெட்டியும் நியமன உறுப்பினராகவே மன்றத்தில் நுழைந்து, அதன் துணைத் தலைவரானார்.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு இரட்டை வாக்குரிமையுடன் சென்னை மாகாணத்தில் 18 இடங்கள் வழங்கியது. காந்தியடிகளின் உண்ணாவிரதத்தை அடுத்து செப்டம்பர் 24 அன்று உருவான பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டு, இடங்களை 30ஆக உயர்த்தியது. எண்ணிக்கை கூடியது, ஆனால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இறுதி முடிவு பொது வாக்காளர் கைக்குச் சென்றது. அம்பேத்கர் இறுதிவரை எழுப்பிய கேள்வி இதுவே.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் பெண்களுக்கு 8 இடங்கள் கிடைத்தன: பொதுப் பிரிவில் 6, முஸ்லிம் 1, இந்தியக் கிறித்தவர் 1. வியப்பு என்னவெனில், அடையாறில் 1917இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் இந்த ஒதுக்கீட்டைக் கேட்கவில்லை. மத அடிப்படையில் பெண்களைப் பிரிப்பதை எதிர்த்து, வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றே அவை கோரின.

அரசியலமைப்பு அவையில்

சென்னையைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் 1947 ஆகஸ்டில் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கோரினார். நாட்டுப் பிரிவினை நடந்த மாதம் அது, கோரிக்கை தோற்றது. 1949இல் மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. பெண்களுக்கும் ஒதுக்கீடு இல்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் பத்தாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டு, அக்காலம் தொடர்ந்து நீட்டிக்கப்படுகிறது. ஆங்கிலோ-இந்தியருக்கான நியமன இடம் 2020இல் முடிவுக்கு வந்தது.

திருத்தணியும் மொழிச் சிறுபான்மையும்

மொழிச் சிறுபான்மையினருக்கும் தொகுதி ஒதுக்கீடு கிடையாது. திருத்தணி இதற்குச் சான்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1953இல் ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது. இங்குள்ள தமிழர் அம்மாநிலத்தில் சிறுபான்மையாயினர். 1952இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்த மக்கள் 1955இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் பரிந்துரையும் எல்லையையே மாற்றின. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதன்பின் இங்குள்ள தெலுங்கு பேசுவோர் சிறுபான்மையாயினர். எல்லையை எங்கு வரைந்தாலும் ஒரு சிறுபான்மை இருக்கும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஊராட்சிகளில்

73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற பங்கும் உறுதியாயின. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் இதன்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது. 2016இல் பெண்களின் பங்கு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தல் நடக்கவிடப்படவில்லை. திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் பெண் தலைவர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், 2020 சுதந்திர நாளில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்த பின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். பதவியைச் சட்டம் கொடுத்தது. கொடிக்கயிற்றைப் பிடிக்க அரசு நேரில் வர வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் உரியவை. ஒதுக்கீடு இல்லாத பெண்களோ 2021 தேர்தலில் 12 பேர் மட்டுமே வென்றனர். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வழங்கும் மசோதா முதன்முதலில் 1996இல் வந்தது. 2023இல்தான் 106ஆவது திருத்தமாக நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் அடுத்தே அது செயலுக்கு வரும் என்று அத்திருத்தம் கூறுகிறது. ஊராட்சியில் பாதி இடங்களில் அமரும் பெண்கள் 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தில் இருபதில் ஒருவராகவே இருந்தது, ஒதுக்கீடு உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.