கூம்பு

கூம்பு என்றதும் இன்று கணக்குப் பாடத்து வடிவம்தான் நினைவுக்கு வரும். சங்கப் புலவர்களுக்கு அது பாய்மரமும்கூட. பெருங்கப்பல் ஒன்று கூம்பையும் மேற்பாயையும் களையாமலே புகார்த் துறைக்குள் புகுவதைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டில் காணலாம். கூம்புதல் என்றால் குவிதல், ஒடுங்குதல். மாலையில் தாமரை கூம்பும். பாய்மரம் என்ற பெயர் வேலையைச் சொல்கிறது, கூம்பு உருவத்தைச் சொல்கிறது. எனக்குப் பழைய பெயரே பிடிக்கும்.

மரத்தில் பாய்க்கப்பல் மாதிரி செய்பவர்களுக்கு ஒடுங்குதல் என்ற இந்தப் பொருள் கைப்பழக்கம். கடையில் வாங்கும் உருளைக் குச்சி மேலும் கீழும் ஒரே பருமன். உப்புத்தாளால் தேய்த்து மேல்முனையை ஒடுக்கினால்தான் அது கூம்பு. இல்லாவிட்டால் வெறும் கொடிக்கம்பம். பிறகே கயிறு கட்டும் வேலை. மரத்தை இழுத்துப் பிடிக்கும் நிலைக்கயிறுகள் முதலில். அசல் கப்பலில் அவற்றுக்குத் தார் பூசுவார்கள் என்பதால் மாதிரியிலும் கறுப்பு நூல். பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவும் கயிறுகள் அடுத்து, வெளிர்பழுப்பு நூலில்.