ஆயத்த வகுப்பும் ஏழை மாணவனும்

கல்லூரி வாயிலை மிதித்த மாணவனை நோக்கி, "கணக்கும் பிழையற்ற எழுத்தும் முதலில் கற்றுக்கொள், பாடம் பிறகு" என்று தனி வகுப்பில் அமர்த்துவது அமெரிக்காவில் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. விஸ்கான்சின் சர்வகலாசாலை 1849ஆம் ஆண்டு தொடங்கியபோது முதலில் வந்தமர்ந்தோர் ஆயத்த வகுப்பினரே. செல்வர் மக்கள் பயின்ற ஹார்வர்டிலும் 1874இல் ஆங்கிலக் கட்டுரைப் பரீட்சை வைத்தபோது தவறியோர் பலர். பின்னர் முதலாண்டினர்க்கெல்லாம் கட்டுரைப் பாடம் வகுக்கப்பட்டது. செல்வன் தவறினால் பாடத்திட்டம் மாறும்; ஏழை தவறினால் மட்டும் அவன் மூளையைப் பழிப்பானேன் என்று கேட்கிறோம்.

இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் எழுந்தது. பின்னாளில் சமூகக் கல்லூரி எனப் பெயர் பெற்ற இவ்வகைக் கல்லூரிகளே உழைப்பாளர் மக்களுக்கு உயர்கல்வியின் வாயிலாயின. கறுப்பின மாணவரும் போர்ட்டோ ரிக்கோ மாணவரும் 1969இல் நடத்திய கிளர்ச்சியின் பின், நியூயார்க் நகரச் சர்வகலாசாலை 1970இல், அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவர்க்கும் தன் கல்லூரிகளில் இடமளித்தது. கட்டணமுமில்லை; அச்சலுகை 1976 வரை நீடித்தது.

அங்கே எழுத்து வகுப்புகளை நடத்திய மினா ஷாக்னசி அம்மையார், புதிய மாணவர் எழுதிய கட்டுரைகளில் ஏறக்குறைய 4,000ஐ எடுத்து ஆராய்ந்தார். 1977இல் வெளிவந்த அவர் நூலின் முடிவு யாது? பிழைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எழுதிப் பழகாதவன் தொடக்கக்காரனே அன்றி மூடனல்லன் என்பதே.

ஆயினும் பல கல்லூரிகளில் ஆயத்த வகுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு படியிலும் 100க்கு 80 பேர் மேலேறினாலும், மூன்று படி கடந்தபின் மிஞ்சுவோர் 51 பேரே! பட்டத்திற்கு இவ்வகுப்புகள் சேரா. பணம் மட்டும் கட்ட வேண்டும். வெளியேறியவருள் பலர் தோற்றவருமல்லர். ஒரு வகுப்பில் தேறியும் அடுத்ததற்கு வராமலே நின்றவர்.

2007இல் பால்டிமோர் வட்டாரச் சமூகக் கல்லூரி வேறு வழி கண்டது. தேர்ச்சி குறைந்தவரை நேரே பொது வகுப்பில் சேர்த்து, அதே ஆசிரியரைக் கொண்டு மேலதிக வகுப்பும் நடத்திற்று. கலிபோர்னியா 2017இல் சட்டமே இயற்றி நீண்ட படிகளைக் குறைக்கச் செய்தது. படியைக் குறைத்தால் மட்டும் போதுமா? நியூயார்க்கில் 2007இல் தொடங்கிய திட்டம் இவ்வகை மாணவர்க்குக் கட்டண உதவி, பாடநூல், பயணச் சீட்டு, அடிக்கடி அழைத்து விசாரிக்கும் ஆலோசகர் ஆகியவற்றைத் தந்தது. உதவி பெற்றோரையும் பெறாதோரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்த முடிவு 2015இல் வெளிவந்தது. மூன்றாண்டில் பட்டம் பெற்றோர், பெறாதவருள் 100க்கு 22, பெற்றவருள் 40.