எஸ். ராஜம்: பயம் கலவாத பக்தி

சங்கீத மும்மூர்த்திகளின் முகம் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சியாமா சாஸ்திரி 1827லும், முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835லும், தியாகராஜர் 1847லும் மறைந்தவர்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839ல். தியாகராஜருக்கு மட்டும் சீடர் வழியில் வந்ததாகச் சொல்லப்படும் பழைய படங்கள் சில உண்டு. ஆனால் சபாக்களின் பின்திரையிலும், பாட்டு வாத்தியார் வீட்டுச் சுவரிலும், ஆராதனை அழைப்பிதழிலும் இன்று நாம் காணும் மூவர் படம் பெரும்பாலும் எஸ். ராஜம் வரைந்தது, அல்லது அதைப் பார்த்து வேறொருவர் வரைந்தது. வரைந்தவர் பெயர் உதிர்ந்துபோய் முகங்கள் நிலைத்துவிட்டன. ஒரு கலைஞனுக்கு இது வெற்றியா, மறதியா என்பதை யோசிக்க வேண்டும்.

நான் வாலாஜாபாத்காரன். சங்கீதம் தெரிந்தவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "வேங்கடரமண பாகவதர் ஊரா?" என்பார்கள். தியாகராஜரின் அந்தச் சீடர் வாழ்ந்தது வாலாஜாப்பேட்டையில். நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் இரண்டு ஊர்களுக்கும் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. எங்கள் ஊருக்கு வாய்த்தது கும்பினியாரின் பட்டாளம். இப்போது ஒரகடம் ஆலைகளுக்கு ஆளேற்றிப் போகும் பஸ்கள். ஆனால் மேற்கே சிறிது தூரத்தில் காஞ்சி இருக்கிறது. சியாமா சாஸ்திரியின் முன்னோர் பங்காரு காமாட்சியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது அங்கிருந்துதான். தீக்ஷிதர் அங்கே சில ஆண்டுகள் இருந்திருக்கிறார். உபநிஷத் பிரம்மேந்திரரின் அழைப்பில் தியாகராஜரும் அங்கு வந்ததாகச் சொல்வார்கள். ஆகவே எங்கள் பக்கத்துப் பஜனை மடங்களில் மூவர் படத்துக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டியிருப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கற்பூரம் காட்டுகிறவருக்கு ஓவியன் யார் என்ற கேள்வி எழுவதில்லை. எனக்கு எழுந்தது.

ராஜம் 1919 பிப்ரவரி 10ல் பிறந்தவர். தந்தை சுந்தரம் அய்யர் வக்கீல், சங்கீதப் பித்து உள்ளவர். 1934ல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராஜம் ராமர், தங்கை ஜெயலக்ஷ்மி சீதை, தந்தை ஜனகர், சின்னஞ்சிறு தம்பி பாலசந்தர் ராவணன் சபையில் வாத்தியக்காரன். பாட்டு பாபநாசம் சிவன். சினிமா என்றால் முகம் சுளித்த காலத்தில், ஆசாரமான மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்று மொத்தமாக மராட்டிய நாட்டுக் கம்பெனியை நம்பிப் புறப்பட்டது. அண்ணனும் தங்கையும் தம்பதியாக நடிப்பதா என்று ஊர் முணுமுணுத்தது. ராமகதையைச் சொல்லப் போகிறோம் என்ற தெளிவு இருந்ததால் குடும்பம் அதற்கு அசையவில்லை. ராஜத்தின் வாழ்க்கை முழுவதற்கும் இதை ஒரு திறவுகோலாகக் கொள்ளலாம். பக்தியே அவருக்குத் துணிச்சலையும் தந்தது.

சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரி முதல்வராக இருந்தபோது படித்தார். அங்கே பயிற்சி ஐரோப்பிய முறையைச் சார்ந்தது. ராஜமோ அஜந்தாவுக்குப் போய்ச் சுவர்களின் முன் உட்கார்ந்தார். நீண்ட கண், வளையும் விரல், மண்ணின் சாயல் கொண்ட நிறம், நிழலைவிடக் கோட்டை நம்பும் போக்கு எல்லாம் அங்கிருந்து அவர் கைக்கு வந்தவை. அதே பள்ளியில் படித்த கே.சி.எஸ். பணிக்கர் பிறகு அதன் முதல்வராகி, 1966ல் சோழமண்டலத்தை உருவாக்கினார். நவீன ஓவியம் பற்றி எழுதிய நாம் பணிக்கரைத் தொடர்ந்தோம்; ஆதிமூலத்தின் கோடுகளை நம் அட்டைகளில் போட்டுக்கொண்டோம். ராஜத்தைக் ‘காலண்டர் படம்’ என்று ஒதுக்கினோம். மரபைத் தேடி இருவரும்தான் போனார்கள். ஒருவர் சேர்ந்த இடம் காலரி, மற்றவர் சேர்ந்த இடம் பூஜையறை. சேர்ந்த இடத்தை வைத்து மதிப்பிடுவது விமர்சனமாகாது.

சங்கீதத்தில் அவர் செய்தது இன்னும் அழுத்தமானது. 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள். அவற்றில் ஒரு ஸ்வரம் அடுத்ததோடு உரசிக்கொண்டு நிற்கும். அவற்றைப் பாடினால் தோஷம், குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை வித்வான்களிடையே வேரோடியிருந்தது. கோடீஸ்வர அய்யர் 72 மேளங்களிலும் முருகன்மீது தமிழில் கிருதிகள் செய்து ‘கந்த கானாமுதம்’ என்று கொடுத்தார். 1943ல் ‘சிவகவி’யில் முருகனாக வந்த ராஜம், அந்தக் கிருதிகளைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டு பாடினார், கற்பித்தார், பரப்பினார். சென்னை வானொலியில் பணியாற்றியவர். பெண்டு பிள்ளைகளோடு மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்தவர். இழக்க ஒன்றுமில்லாதவன் தோஷத்தைக் கேலி செய்வது சுலபம். தெய்வத்தையும் குடும்பத்தையும் மெய்யாகவே நம்புகிற ஒருவர், தெய்வத்தின் பெயரைப் பாடினால் தீங்கு வராது என்று தன் நம்பிக்கையை அதன் எல்லைவரை கொண்டுபோனது வேறு வகை. பக்தியிலிருந்து பயத்தைப் பிரித்தெடுத்த காரியம் அது.

மூவர் படத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ராஜத்தின் குருக்களில் ஒருவர் அம்பி தீக்ஷிதர், சுப்பராம தீக்ஷிதரின் மகன்; முத்துஸ்வாமி தீக்ஷிதரின் குடும்ப வழி. தீக்ஷிதரின் கிருதிகளை அந்த வாயிலிருந்து கேட்டுப் பாடம் செய்தவர் தீக்ஷிதரின் முகத்தை வரைகிறார். பாடாந்தரம் என்பது காதுவழிச் சரித்திரம் என்றால், அதைக் கண்ணுக்கு மாற்றிய முயற்சி இந்தப் படம். மூவரும் இப்படித்தான் இருந்தார்கள் என்பதற்கு அது ஆதாரமல்ல. அவர்களுடைய சங்கீதத்துக்குள் வாழ்ந்த ஒருவருக்கு அவர்கள் எப்படித் தோன்றினார்கள் என்பதற்கு ஆதாரம்.

என் குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த முகங்கள் நிலைத்தபின் வேறு கற்பனைக்கு இடமில்லாமல் போயிற்று. நகல்களில் அஜந்தாவின் கோடு மழுங்கி, ஒளிவட்டமும் பளபளப்பும் மட்டும் மிஞ்சின. இந்தப் பழி நகலெடுத்தவர்களைச் சேரும். தன் தேடலைப் பிறர் வாய்ப்பாடாக்க வேண்டுமென்று ராஜம் கேட்டதற்கு அவர் படைப்புகளில் அடையாளமில்லை.

தம்பி பாலசந்தர் வீணையில் தனி வழி கண்டார். 1954ல் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ எடுத்தார். அவருடைய கலகம் பளிச்சென்று தெரிந்தது, புகழும் அப்படியே வந்தது. அண்ணனின் கலகம் ஒரே தெருவுக்குள், நெற்றியில் திருநீற்றோடு நடந்ததால் கலகமாகக் கணக்கில் வரவில்லை. விவாதி ராகங்களை விடாமல் பாடிய ராஜம் 2010 ஜனவரி 29ல், 91 நிறையச் சில நாட்களே இருக்கும்போது காலமானார். தோஷம் பேசியவர்களுக்கு இதைவிட நீண்ட பதில் தேவையில்லை.