தாதியர் சங்கச் சந்தா: கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்திலும் பட்டணத்திலும் ‘மிஸ்ஸி’ என்று மக்கள் மரியாதையோடு அழைக்கும் தாதியர் பணியில் நம் பெண்கள் பலர் உள்ளனர். வேலையில் சேர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பும் பணம், பிடிபிடிஎன் கல்விக் கடன், அறை வாடகை எனச் செலவுகள் வரிசை கட்டுகின்றன. அந்த நேரத்தில் சங்கத்தில் சேரும்படி யாராவது பாரத்தை நீட்டினால், “இது கட்டாயமா? கட்டினால் என்ன கிடைக்கும்?” என்ற கேள்வி எழுவது இயல்பு.

இதற்குப் பதில் காண, பலர் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளும் மூன்று அமைப்புகளைப் பிரித்தறிய வேண்டும்.

வாரியம்: கட்டாயம்

தாதியரைப் பதிவு செய்வது மலேசியத் தாதியர் வாரியம். 1950-ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின் கீழ் இது இயங்குகிறது. பணியைத் தொடர, ‘ஏபிசி’ எனப்படும் தொழில்புரியும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சங்கச் சந்தா கட்டியிருந்தாலும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் பணியாற்ற முடியாது. வெளிநாட்டு வேலைக்குத் தேவைப்படும் பதிவு உறுதிக் கடிதத்தையும் வாரியமே தருகிறது.

தொழிற்சங்கம்: சம்பளமும் வேலை நேரமும்

சம்பளம், அலவன்ஸ், வேலை நேரம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் உறுப்பினருக்காகப் பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை. அரசாங்கத் தாதியரின் வார வேலை நேரத்தை 42-இலிருந்து 45 மணி நேரமாக உயர்த்தும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டபோது, மலாயா தாதியர் தொழிற்சங்கம் அதை எதிர்த்தது.

சங்கம்: அறிவும் தொடர்பும்

மலேசியத் தாதியர் சங்கம் ஒரு தொழில்முறை அமைப்பு. 1899-இல் தொடங்கப்பட்ட அனைத்துலகத் தாதியர் மன்றத்தில் இது உறுப்பியம் பெற்றுள்ளது. இத்தகைய சங்கத்தில் சேருவது அவரவர் விருப்பம். மாநாடு, பயிலரங்கு, மூத்த தாதியரின் அறிமுகம் ஆகியவையே இதன் முக்கியப் பலன்கள். சம்பளப் பிரச்சினைக்குத் தீர்வு தேடி இதில் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கணக்குப் போடுவது எப்படி?

ஏபிசி-யைப் புதுப்பிக்க ‘சிபிடி’ எனப்படும் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. அரசாங்கப் பெரிய மருத்துவமனையில் பணியிடத்திலேயே பயிற்சிகள் நடந்தால், புள்ளிக்காக மட்டும் சந்தா கட்ட வேண்டியதில்லை. ரத்தச் சுத்திகரிப்பு நிலையம், முதியோர் இல்லம், சிறிய தனியார் மருத்துவமனை போன்ற இடங்களில் பணிபுரிவோருக்கு அந்த வாய்ப்பு குறைவு. சங்கம் அவர்களுக்கே அதிகம் உதவும்.

உதாரணமாக, சந்தா 60 வெள்ளி என்றும், ஒரு பயிலரங்கில் உறுப்பினருக்கு 30 வெள்ளி கழிவு என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு பயிலரங்குகளுக்குப் போனால் போட்ட பணம் திரும்பிவிடும். ஷிப்ட் காரணமாக ஒன்றுக்குக்கூடப் போக முடியாதென்றால், அது நட்டக் கணக்குதான்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை:

• நுழைவுக் கட்டணம் தனியா? சந்தாவை ஆண்டுதோறும் கட்ட வேண்டுமா?
• கடந்த ஆண்டு நம் மாநிலத்தில் எத்தனை பயிற்சிகள் நடந்தன? அவற்றுக்கு சிபிடி புள்ளி உண்டா?
• பணியில் தவறு நேர்ந்ததாக வழக்கு வந்தால் சட்ட உதவியோ காப்புறுதியோ உண்டா? உண்டென்றால் அது எழுத்தில் இருக்கிறதா?
• முதலாளி சந்தாவையோ பயிற்சிக் கட்டணத்தையோ ஏற்பாரா?

கையில் பணம் குறைவாக இருந்தால், முதலில் ஏபிசி-க்கு ஒதுக்க வேண்டும். சம்பளமும் வேலை நேரமும்தான் கவலை என்றால், அடுத்தது தொழிற்சங்கம். மேற்படிப்பையும் சிறப்புத் துறைப் பயிற்சியையும் நோக்கி நகர்பவர் சங்கத்தில் ஓராண்டு சேர்ந்து பார்க்கலாம். ஆண்டு முடிவில், எத்தனை நிகழ்ச்சிகளுக்குப் போனோம் என்று எண்ணிப் பார்த்தால் சந்தாவைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது தெரிந்துவிடும்.