செத்த லாராவின் விலை: ஆள்மாறாட்ட நாவல்களை வாசித்தல்

கோதிக் காதல் மர்ம நாவல் என்றாலே நம் விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள். 1960களில் ஆங்கிலத்தில் வந்த மலிவுப் பதிப்புகளின் அட்டை ஞாபகமிருக்கும்: இருட்டில் ஒரு மாளிகை, ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், தலைவிரி கோலமாய் ஓடிவரும் பெண். எம்.ஏ. படிக்கிற காலத்தில் இதைக் கையில் வச்சிருந்தாலே கேலிதான். ஆனால் இவற்றில் ஒரு கிளையை, அதாவது ஒருவர் இன்னொருவராகிச் சொத்தைக் கைப்பற்றும் கதைகளை, வரிசையாக வாசித்துப் போனால் வேறொரு பிரதி தட்டுப்படுகிறது. அது இங்கிலாந்துச் சொத்துரிமையின் பிரதி.

வில்கி காலின்ஸின் 'வெள்ளுடைப் பெண்' டிக்கன்ஸ் நடத்திய இதழில் 1859-60இல் தொடராக வந்தது. லாராவின் பெயரில் 20,000 பவுண்டு இருக்கிறது. குழந்தை இல்லாமல் அவள் செத்தால் அந்தப் பணம் கணவன் பெர்சிவலுக்கு என்று திருமண ஒப்பந்தம். வேண்டாம் என்று வக்கீல் எவ்வளவோ வாதாடிப் பார்க்கிறார், எடுபடவில்லை. ஆக, உயிரோடிருக்கும் லாராவைவிடச் செத்த லாராவுக்கு விலை அதிகம். கொலை எதுக்கு? அவளைப் போலவே தோற்றமுள்ள ஆன் என்கிற ஏழைப் பெண் இதயநோயில் சாகிறாள். அவளை லாரா என்று புதைத்துவிட்டு, லாராவை ஆன் என்று பைத்தியக்கார விடுதியில் அடைத்தால் போதும். சொந்தச் சித்தப்பாவே இவளை அடையாளம் தெரியவில்லை என்று கைவிரிக்கிறார். முகம் சாட்சியாகவில்லை. கடைசியில் அவளைக் காப்பாற்றுவது ஒரு தேதி: இறப்புச் சான்றில் உள்ள நாளுக்கு மறுநாள்தான் அவள் லண்டனுக்கே பயணப்பட்டாள் என்பது.

இதைக் கற்பனையின் அதீதம் என்று தள்ளிவிட முடியாது. மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனித் தன்னிலையே கிடையாது. கணவனுக்குள் அவள் அடக்கம். தன் பெயரில் முழுதாகச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. பெயரைத் திருடுவது என்று காலின்ஸ் எழுதியதை, கல்யாணம் என்ற பெயரில் சட்டமே செய்துகொண்டிருந்தது.

நாவல் வந்து ஆறே வருஷத்தில் நிஜமாகவே ஒருவர் கிளம்பினார். ஹாம்ப்ஷயர் டிச்போர்ன் குடும்ப வாரிசான ரோஜர், 1854இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து புறப்பட்ட கப்பலோடு காணாமல் போனவர். தாய் நம்பவில்லை, பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். 1866இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊரிலிருந்து ஒரு கசாப்புக்காரர் 'நான்தான் ரோஜர்' என்றார். பாரிஸில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர் ரோஜர். வந்தவருக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. தாய் ஏற்றுக்கொண்டார்! சிவில் வழக்கு தோற்று, குற்ற வழக்கு 188 நாள் நடந்து, 1874இல் 14 வருஷ தண்டனை. ரோஜர் கையில் இருந்த பச்சைக் குத்து இவர் கையில் இல்லை என்பது பெரிய சாட்சியம்.

கவனிக்கவேண்டியது, உழைக்கும் மக்கள் பெருந்திரளாக இவர் பக்கம் நின்றதுதான். வழக்குச் செலவுக்குப் பத்திரம் வெளியிட்டு ஜனங்களிடம் பணம் திரட்டினார்கள். கசாப்புக்காரர் ஒருவர் பிரபு என்பது உண்மையாய் இருக்கவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள் போலும். ஆண்ட்ரூ போகில் என்பவர் இன்னும் விசேஷம். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து டிச்போர்ன் குடும்பத்தில் வேலை செய்தவர். வந்தவரைச் சிட்னியில் பார்த்து 'இவர்தான்' என்று சொன்னார். கடைசிவரை மாற்றிச் சொல்லவேயில்லை. பிரபுக்களின் ஞாபகத்துக்கு இருக்கும் மதிப்பு ஒரு வேலைக்காரரின் ஞாபகத்துக்கு இல்லை என்பதை அந்த நீதிமன்றம் பட்டவர்த்தனமாகக் காட்டியது. நம் பக்கத்திலும் பவல் சன்னியாசி வழக்கு உண்டு. வங்காள ஜமீனின் 'செத்த' குமாரர் திரும்பிவந்து, 1946இல் பிரிவி கவுன்சில் வரை போய் ஜெயித்தார்.

ஜோசபின் டேயின் 'பிராட் ஃபேரர்' (1949) நீதிமன்றம் மறுத்ததைக் கொஞ்சம் தாராளமாகத் தருகிறது. அநாதைப் பையன் ஒருவன், காணாமல் போன பேட்ரிக்காக நடித்து வீட்டுக்குள் நுழைகிறான். நடிக்க வந்தவன்தான் அந்த வீட்டிலேயே யோக்கியன்! ஆனால் முடிவில் அவனும் அதே குடும்பத்து ரத்தம் என்று தெரிகிறது. இங்கேதான் எனக்கு நாவலோடு சண்டை. ஒரு அந்நியன் நல்லவனாக இருக்கலாம், நிலம் மட்டும் ரத்தத்தை விட்டுப் போகக்கூடாது.

மேரி ஸ்டூவர்ட்டின் 'ஐவி மரம்' (1961) இதையே புரட்டிப்போடுகிறது. காணாமல் போன அனபெல்லாக நடிக்கச் சொல்லி, கனடாவிலிருந்து வந்த மேரியை நார்தம்பர்லாண்ட் பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அனபெல் எப்படி நடப்பாள், எதைப் பேசுவாள் என்று பாடம் எடுக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் மேரிதான் அனபெல். ரத்தம் இங்கேயும் ஜெயிக்கிறதே என்று கேட்கலாம். ஜெயிக்கிறதுதான். ஆனால் தன் வீட்டுக்குள் தானாக நுழைய முடியாமல், தன்னைப் போலவே நடிக்கிற வேறொருத்தியாகத்தான் அவளால் நுழைய முடிகிறது. தான் யார் என்று தனக்கே மற்றவர்கள் கற்றுத்தருவதை வாய்பொத்திக் கேட்கிறாள். ஜோவன்னா ரஸ் 1973இல் இவ்வகை நாவல்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் கோதிக் நாயகியின் முழுநேர வேலையே பிறர் மனசைப் படிப்பதுதான் என்று குறைசொன்னார். சரிதான். ஆனால் அனபெல் படிப்பது பிறர் மனசை மட்டுமில்லை, பிறர் மனசில் தன் பெயரில் உலவும் இன்னொருத்தியை. லாராவுக்குத் தேதி இருந்தது. இவளுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. சமையற்கட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கும் என்று தெரிந்த கையை, தெரியாத மாதிரி தடவ வைத்துக்கொண்டே அந்த வீட்டில் நாள் கடத்துகிறாள்.