ஆதாரமும் ஈமானும்: கொல்லிமலையில் பிறந்த ஒரு மருத்துவரின் வரலாறு

 

இறைவன் இருக்கின்றான் என்பதற்கு ஆதாரம் என்ன, ஆதாரம் காட்ட இயலாத ஒன்றை நம்புவது அறிவுடைமை ஆகுமா என்று கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் நேராகவே கேட்கின்றனர். கேட்பவரை அதட்டி அமர்த்துவது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது முறையன்று. 1877ஆம் ஆண்டில் கிளிஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், போதிய சான்றின்றி எதையும் நம்புவது தவறு என்று எழுதினார். பழுதுபட்ட கப்பல் எப்படியும் கரைசேரும் எனத் தன்னைத் தேற்றிக்கொண்டு, அதில் மக்களை ஏற்றியனுப்பும் கப்பல் முதலாளியை எடுத்துக்காட்டாகக் கூறினார். கப்பலைப் பொறுத்தவரை அவர் சொல்வதை நாமும் ஏற்கின்றோம். கப்பலைச் சோதித்தறிய வழியுண்டு. சோதியாமல் விட்டது குற்றமே. ஆனால் எல்லா நம்பிக்கைகளையும் அவ்வாறு துறைமுகத்தில் நிறுத்திச் சோதிக்க இயலுமா?

இதற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. டாக்டர் பால் பிராண்டு 1914ஆம் ஆண்டு நமது கொல்லிமலையில் பிறந்தவர். நம் மார்க்கத்தவர் அல்லர். கிறிஸ்தவ ஊழியர்களின் மகன். எனினும் நல்லதை எவரிடமிருந்தும் கற்கலாம். கல்விக்காகச் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், தம் தந்தையை மீண்டும் காணவேயில்லை. தந்தை ஜெஸ்ஸி பிராண்டு 1929இல் கொடிய காய்ச்சலால் இம்மலையிலேயே மரணமடைந்தார்.

1946இல் பால் பிராண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது அக்காலத்தில் பரவலான கருத்து. அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆதாரம் தேடினார், ஒவ்வொரு காயமும் எவ்வாறு உண்டாயிற்று என்று பின்தொடர்ந்தார். நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால், சூடும் வெட்டும் பட்டே விரல்கள் அழிகின்றன எனக் கண்டார். சிலருக்கு இரவோடு இரவாக விரலின் பகுதி காணாமற்போயிற்று. விழித்திருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது! அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

விரல் விஷயத்தில் இத்துணைக் கண்டிப்பாக ஆதாரம் கேட்ட அம்மனிதர், 2003இல் இறக்கும்வரை இறைநம்பிக்கையாளராகவே வாழ்ந்தார். அந்நம்பிக்கை சோதனைக்குழாயில் பிறந்ததன்று. உலகிலுள்ள வலியைக் காட்டித்தான் பலர் இறைவனை மறுக்கின்றனர். வலியற்றவர்களின் கைகளைப் பார்த்த அவரோ, வலியை இறைவனின் கொடை என்று எழுதினார். இது கணக்கைப் போன்ற நிரூபணம் ஆகாது. ஆயினும் கண்ணை மூடிக்கொண்ட நம்பிக்கை என்றும் இதனைச் சொல்ல முடியாது.

நம் இமாம்களுள் இக்கேள்வியின் ஆழத்தில் இறங்கியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111). தமது 'அல்முன்கிது மினள் ளலால்' நூலில் அதை அவர்களே விவரிக்கின்றார்கள். கண்ணுக்கு ஒரு தீனார் அளவாகத் தோன்றும் நட்சத்திரம் பூமியினும் பெரிது என்று கணிதம் காட்டுகின்றது. புலன் பொய்க்குமாயின், அறிவு மட்டும் பொய்க்காது என்பதற்கு ஆதாரம் எது? ஆதாரம் காட்ட வேண்டுமாயின் அதே அறிவைக் கொண்டல்லவா காட்ட வேண்டும்! சுமார் இரண்டு மாத காலம் அவர்கள் இந்த ஐயத்தில் உழன்றார்கள். மீண்டது எந்த வாதத்தாலும் அன்று. இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியினால் என்கின்றார்கள். ஆக, ஆதாரம் கேட்கும் அறிவேகூட ஆதாரமின்றி நாம் நம்பும் ஒன்றின்மீதுதான் நிற்கின்றது. இதை உணர்ந்தவர், நிரூபணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஈமானை மடமை என்று தள்ளிவிடமாட்டார்.

இதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று ஊர்பேர் தெரியாத துண்டுப் பிரசுரங்களைப் பள்ளிவாசல் வாயிலில் விநியோகிக்கின்றோமே, அவற்றுள் ஒன்று பொய்யென்று தெரிந்த நாளில் பிள்ளையின் உள்ளத்தில் எது சரியும்? இல்லாத ஆதாரத்தை உண்டென்று சொல்வதைவிட இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆதாரம் கிடைத்துவிட்டால் மனிதன் பணிந்துவிடுவான் என்பதும் உறுதியன்று. பிற்காலத்தில் அமெரிக்காவில் பிராண்டு தம் குழுவினருடன், வலியறியாத நோயாளிகளுக்காக ஒரு கருவியை உருவாக்க முயன்றார். கை ஆபத்தான அழுத்தத்திற்கு உள்ளாகும்போது அது எச்சரிக்கும். நோயாளிகளுக்கோ எடுத்த வேலையை முடிப்பதே பெரிதாக இருந்தது. எச்சரிக்கை வந்தபோது கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். இறுதியில் அம்முயற்சியே கைவிடப்பட்டது.