ஏறும் நீர், இழியும் நீர்: மாறுவேக ஏற்றுசுழலியின் வரலாறும் அதற்குரிய தமிழும்



மொழியியல் பயின்ற ஒருவன் மின்நிலையத்து இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணம் ஒரு மாணவியின் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் நடந்த ஒரு கலைச்சொல் பயிலரங்கில் ஏற்றம், கமலை, இறைகூடை ஆகிய சொற்களை விளக்கிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த மாணவி எழுந்து, “ஐயா, தண்ணீர் இறைப்பதற்குத் தமிழில் இத்தனை பழைய சொற்கள் இருக்கின்றன. இன்று அணைக்கட்டில் தண்ணீரை மேலேற்றி மின்சாரத்தைச் சேமிக்கிறார்களே, அந்த இயந்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர்?” என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. இவ்வுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகத் தரும் விடை.

1. ரவாங்கில் ஏறிய நீர்

நம் வரலாற்றை நம் வாசலிலிருந்தே தொடங்கலாம். கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங்கில் 1894-ஆம் ஆண்டு தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் பயன்படுத்தப்பட்டதற்குக் கிடைக்கும் முதற்பதிவு இதுவே. அந்த மின்சாரம் முதலில் செய்த வேலை விளக்கேற்றுவது அன்று, நீரேற்றுவது. சுரங்கக் குழியில் ஊறிய நீரை இறைக்கும் பம்புகளை அது இயக்கியது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை 1873-இல் நிறுவியவர் என்றே நம்மில் பலர் தம்புசாமி பிள்ளையை அறிவோம். இந்நாட்டில் மின்விசையால் நீரிறைத்த முன்னோடிகளுள் ஒருவர் அவர் என்பதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தியே.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1900-இல், பகாங்கின் ரவூப் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்றில் புனல் மின்நிலையம் ஒன்றைக் கட்டியது. இந்நாட்டின் முதல் புனல் மின்நிலையம் அது. ரவாங்கில் மின்சாரம் நீரை ஏற்றியது. ரவூப்பில் இழிந்த நீர் மின்சாரத்தை ஆக்கியது. இவ்விரு செயல்களும் ஒரே மலையடியில், ஒரே சக்கரத்தில் கூடும்போதுதான் நம் கதைக்குரிய இயந்திரம் பிறக்கிறது. அந்தக் கூட்டு மலாயாவில் நிகழவில்லை. பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சாரில் 1920களில் எழுந்த மின்நிலையமும், கிள்ளானில் 1953-இல் திறக்கப்பட்ட கோனாட் பிரிட்ஜ் மின்நிலையமும் எரிபொருளை நம்பியவை. 1963-இல் இயங்கத் தொடங்கிய கேமரன் மலைப் புனல் மின்நிலையத்தில் நீர் இழிந்ததேயன்றி மீண்டும் ஏறவில்லை.

2. ஏற்றத்தில் இல்லாதது

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை நீரிறைக்கும் கருவிகளாக ஏத்தம், ஆம்பி, கிழார், பிழா ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ‘ஏற்று’ என்னும் வினையோடு உறவுடைய ஏற்றம் அண்மைக்காலம் வரை தமிழகத்து வயல்களில் வாழ்ந்தது. துலாவின் மீது ஆள் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றில் சால் இறங்கி நீரோடு ஏறும். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கை ஏற்றப்பாட்டு வைத்துக்கொள்ளும். இந்த மரபு பெருமைக்குரியது. ஆயினும் மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவதற்கு இதில் சான்று இல்லை. ஏற்றம் இறைத்த நீர் பயிருக்குப் போயிற்று. செலவிட்ட உழைப்பை மீண்டும் பெறும் நோக்கத்தோடு எவரும் அந்நீரை மேலே தேக்கி வைக்கவில்லை.

அந்த நோக்கம் மின்சாரத்தோடு வந்தது. நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல மின்சாரத்தைப் பேரளவில் அப்படியே சேர்த்து வைப்பது எளிதன்று. ஆக்கப்படும் நொடியிலேயே அது செலவாக வேண்டும். தேவை குறைந்த வேளையில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை மிகும் வேளையில் அதே நீரை இறக்கி மின்சாரம் ஆக்குவது ஒரு வழி. ஏற்றச் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கே திரும்பக் கிடைக்கும். வேண்டிய நேரத்தில் கிடைக்கிறது என்பதே அதன் மதிப்பு. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசன் நகரில் 1909-இல் அமைந்த நிலையம் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

3. ஒரே சக்கரம், இரு வினை

தொடக்க நிலையங்களில் நீரேற்றப் பம்பும் நீர் இழியும்போது சுழலச் சுழலியும் தனித்தனியே இருந்தன. ஒரே சக்கரத்தை ஒரு திசையில் சுழற்றினால் பம்பாகவும், எதிர்த்திசையில் சுழலவிட்டால் சுழலியாகவும் பயன்படுத்தலாம் என்பது அடுத்த வளர்ச்சி. அமெரிக்காவின் ஹைவாசி அணையில் 1956-இல் நிறுவப்பட்ட இயந்திரம் இவ்வகையில் புகழ்பெற்றது. இதனால் கட்டுமானச் செலவு குறைந்தது. உலகெங்கும் இம்முறை பரவியது.

தமிழாசிரியர்களே, இங்கே சற்று நில்லுங்கள். இந்த இயந்திரம் நம் இலக்கண வகுப்பில் உள்ள ஒரு பாடத்தைக் கண்முன் காட்டுகிறது. சுழல் என்பது தன்வினை. சுழற்று என்பது பிறவினை. ஏறு, ஏற்று என்பவையும் அவ்வாறே. மாலையில் நீர் தானே இழிந்து சக்கரத்தைச் சுழற்றுகிறது. இரவில் மின்சாரம் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் நீரை ஏற்றுகிறது. நீர் தானே ஏறாது, ஏற்றப்படும். இயற்பியல் விதி சொல்வதைத் தமிழ் வினைச்சொற்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. இந்த வேறுபாட்டை அறிந்த மாணவனுக்கு இயந்திரத்தின் பாதி விளங்கிவிடும்.

தமிழ் வழங்கும் நிலத்தில் இவ்வியந்திரம் காலூன்றிய இடம் கோயம்புத்தூர் மாவட்டம், ஆனைமலைத் தொடரில் உள்ள காடம்பாறை. அங்கே நிலத்தடியில் அமைந்த மின்நிலையத்தில் தலா 100 மெகாவாட் திறனுடைய நான்கு அலகுகள் 1987 முதல் 1989 வரை ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். ‘நீரேற்று மின்நிலையம்’ என்னும் சொல் தமிழ்நாட்டு அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் இன்று இயல்பாக வழங்குகிறது. நீலகிரியில் 500 மெகாவாட் அளவில் திட்டமிடப்பட்ட குந்தா நீரேற்று மின்திட்டத்தின் பெயரிலும் அச்சொல் உள்ளது. களத்தில் ஒரு பொருள் நிலைத்தால் அதன் சொல்லும் நிலைத்துவிடுகிறது.

4. கட்டுண்ட வேகம்

காடம்பாறைத் தலைமுறை இயந்திரங்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நம் நாட்டிலும் இந்தியாவிலும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50. மின்கட்டமைப்போடு நேரே இணைந்த இயந்திரம் அந்த அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டே சுழல வேண்டும். எடுத்துக்காட்டாக, 12 காந்த முனைகள் உடைய சுழலகம் நிமிடத்துக்குச் சரியாக 500 முறை சுழலும். 490-உம் ஆகாது, 510-உம் ஆகாது. மின்சாரம் ஆக்கும் வேளையில் இது பெரிய இடரன்று. நீர்வாயிலைத் திறந்தும் மூடியும் மின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலும். நீரேற்றும்போதுதான் சிக்கல். வேகம் மாறாத பம்பு இழுக்கும் மின்சாரமும் ஏறக்குறைய மாறாது. ஓர் அலகை ஓட்டலாம், அல்லது நிறுத்தலாம். அரைகுறையாக ஓட்ட இயலாது. ஏற்றத்துத் துலாவில் நடந்தவர் களைத்தபோது மெதுவாகவும், பொழுது சாயும்போது விரைவாகவும் நடந்தார். அந்த எளிய உரிமை இந்தப் பேரியந்திரத்துக்கு இல்லை.

வேகத்தைச் சிறிது மாற்ற முடிந்தால் கிடைக்கும் பயன் பெரிது. பம்பு இழுக்கும் மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியாகக் குறைந்துவிடும்.

5. கட்டவிழ்ந்த வேகம்

இந்தத் தேவையை முதலில் கடுமையாக உணர்ந்த நாடு ஜப்பான். அங்கே இரவில் அனல் மின்நிலையங்கள் பலவற்றை நிறுத்திவிட்டு, எப்போதும் ஒரே அளவில் ஓடும் அணுமின் நிலையங்களை நம்பினர். நொடிக்கு நொடி ஏறியிறங்கும் தேவைக்கு ஏற்ப அதிர்வெண்ணைச் சீராக்க ஆள் இல்லாமற் போயிற்று. இரவில் ஓடும் நீரேற்று இயந்திரமே அப்பணியைச் செய்யட்டும் என்று பொறியாளர்கள் முடிவு செய்தனர். 1990-இல் யாகிசாவா நிலையத்தில் முதல் மாறுவேக அலகு பணிக்கு வந்தது. 1993-இல் ஒகாவாச்சியில் 400 மெகாவாட் அளவிலான அலகு இயங்கியது. ஜெர்மனியின் கோல்டிஸ்தால் நிலையத்தில் 2003-ஐ ஒட்டி நான்கு அலகுகளில் இரண்டு இவ்வகையில் அமைந்தன. சுவிட்சர்லாந்தில் 2022-இல் பணிக்கு வந்த நான் த திரான்ஸ் நிலையத்தின் ஆறு அலகுகளும் மாறுவேகம் உடையவை.

இது இயங்கும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். விமான நிலையத்தில் நகரும் நடைபாதையைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் நடக்கும் ஒருவர், பாதை மெதுவாகும்போது தாம் விரைந்து நடந்தும், பாதை விரையும்போது பின்னோக்கி நடந்தும், தரையில் நிற்பவருக்கு எப்போதும் ஒரே வேகத்தில் செல்பவராகத் தோன்ற முடியும். பழைய இயந்திரத்தில் சுழலகத்தின் காந்தப்புலம் அதனோடு பிணைந்திருந்தது. புதிய இயந்திரத்தில் சுழலகச் சுருளுக்குக் குறைந்த அதிர்வெண் உடைய மாறுதிசை மின்னோட்டத்தை ஊட்டுகின்றனர். ஆகவே காந்தப்புலம் சுழலகத்தின் மேல் தானும் ‘நடக்கிறது’. சுழலகத்தின் வேகமும் புலத்தின் நடையும் கூடி வருவதுதான் மின்கட்டமைப்புக்குத் தெரியும் வேகம். அது மாறுவதில்லை, உள்ளே இருக்கும் சக்கரம் மட்டும் தன் விருப்பப்படி மாறலாம்.

இந்தியாவில் இதற்கு முதலிடம் தந்தது உத்தராகண்டின் தெஹ்ரி. தலா 250 மெகாவாட் அளவில் நான்கு மாறுவேக அலகுகள் கொண்ட அந்நிலையத்தின் முதல் அலகு 2025-இல் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. தெஹ்ரி நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் 90 மீட்டர் அளவுக்கு ஏறியிறங்கக் கூடியது. உயரம் இவ்வளவு மாறும் இடத்தில் ஒரே வேகத்தில் ஓடும் சக்கரம் பெரும்பாலும் தன் சிறந்த நிலையில் இராது. உயரத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் சக்கரமே அங்குப் பொருந்தும்.

6. பெயரிடுதல்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ‘மாறுவேக ஏற்றுசுழலி’ என்னும் பெயரை உங்கள் முன் வைக்கிறேன். ‘மாறுவேகம்’ ஒரு வினைத்தொகை. ஊறுகாய் என்பது ஊறிய காயும் ஊறுகின்ற காயும் ஊறும் காயும் ஆவதுபோல, மாறிய, மாறுகின்ற, மாறும் வேகம் என முக்காலமும் இதில் அடங்கும். எந்நொடியும் மாறிக்கொண்டிருப்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொகை இல்லை. ‘மாறுதிசை மின்னோட்டம்’ நமக்கு முன்மாதிரி. ‘ஏற்றுசுழலி’ என்பதும் வினைத்தொகையே: நீரை ஏற்றும் சுழலி. வினைத்தொகையில் வல்லொற்று மிகாது என்பதால் இடையில் ‘ச்’ வேண்டியதில்லை. பம்பு, டர்பைன் என்று பேச்சில் சொல்வதை நான் தடுக்கவில்லை; தொழிலாளர் நாவில் வாழும் சொல்லுக்கும் மதிப்புண்டு. ஆனால் பாடநூலில் பொருள் விளக்கும் சொல் ஒன்று தேவை. இதனினும் சிறந்த சொல்லை நீங்கள் படைத்தால் இதைக் கைவிட நான் அணியமாக இருக்கிறேன்.

7. நம் வகுப்பறைக்கு

இது வெறும் சொல்லாய்வு அன்று. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர் பலர் தம் தமிழ்க் கலைச்சொற்களை ஒதுக்கி வைத்தனர். பின்னர் அக்கொள்கை படிப்படியாகக் கைவிடப்பட்டது. சொற்கள் அதே வேகத்தில் திரும்பவில்லை. பன்னிரண்டு வயதில் தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளை, தமிழ் பழங்காலத்தைப் பேசும் மொழி, இயந்திரங்கள் வேறு மொழிக்குரியவை என்ற எண்ணத்தோடு சென்றால், அந்த எண்ணத்தை எந்தப் பட்டிமன்றத்தாலும் பின்னர் மாற்ற இயலாது.

நம் நாடும் இவ்வியந்திரத்தைத் தேடும் காலம் தொலைவில் இல்லை. 2050-க்குள் மின்னாக்கத் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க வழிகளில் அமைய வேண்டும் என்பது 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய இலக்கு. அதில் சூரியனுக்குப் பெரும்பங்கு. பிற்பகல் மூன்று மணிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கருமேகம் திரண்டால் சூரியத் தகடுகளின் மின்சாரம் நிமிடங்களில் சரியும் என்பதை நம் மழை அறிந்த எவரும் உணர்வர். அந்நேரத்தில் நீரேற்றிக்கொண்டிருக்கும் இயந்திரம், நிற்காமலே தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மேகம் விலகியதும் மீண்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். மாறுவேகத்தின் பயன் அங்கே தெரியும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏற்றத்தின் படத்தை வகுப்பில் காட்டும்போது, பக்கத்திலேயே காடம்பாறையின் படத்தையும் தெஹ்ரியின் படத்தையும் வையுங்கள். ரவாங்கில் 1894-இல் ஏறிய நீரையும் சொல்லுங்கள். பிறகு ‘ஏறு’, ‘ஏற்று’ என்னும் இரு சொற்களைப் பலகையில் எழுதி, மூன்று படங்களையும் அச்சொற்களால் விளக்குமாறு மாணவர்களைக் கேளுங்கள். கிள்ளானில் என்னிடம் கேள்வி கேட்ட மாணவி இன்று எங்கே பயில்கிறார் என்பதை அறியேன். அவரைப் போன்ற ஒருவர் நாளை உங்கள் வகுப்பில் எழுந்து நின்றால், விடையோடு நீங்கள் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.